“வாயுதான் எய்யா”: பெண்களின் இதயம் பற்றி ஒரு எபிசோட்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை வழக்கமான இடத்தில் இருந்து பதிவு செய்யவில்லை. தென்காசியில், பெரியம்மா வீட்டு மாடியில் உட்கார்ந்து பேசிட்டு இருக்கேன். பின்னாடி சரசரன்னு ஒரு சத்தம் கேட்டால் மைக் கோளாறுன்னு நினைக்க வேண்டாம். அது சாரல். குற்றாலத்தில் சீசன் நடக்கிறது. கீழே சமையல்கட்டில் பெரியம்மா யாரையோ திட்டுற சத்தமும் நடுவில் வரலாம். அதை எடிட் செய்யப் போவதில்லை. அந்தச் சத்தம் கேட்கிறதே என்பதுதான் இந்த எபிசோட்.

போன சீசனில் நடந்ததைச் சொல்றேன். பெரியம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்றேன். “பேரை மட்டும் போடாத, மத்ததைச் சொல்லு, நாலு பேருக்கு ஆகட்டும்” என்றார்.

ஒரு சனிக்கிழமை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நாங்கள் பதினோரு பேர் வந்து இறங்கியிருந்தோம். பெரியம்மா விடிகாலை நாலரைக்கே எழுந்து இட்லி ஊற்றி, புளியோதரை கிளறி, அருவிக்கு எடுத்துப் போக எல்லாம் கட்டி வைத்துவிட்டார். ஏழு மணி வாக்கில் திண்ணையில் வந்து உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாரல் காற்றில் எங்களுக்கெல்லாம் குளிர் நடுக்கம். அவருக்கு மட்டும் வேர்வை.

“என்ன பெரியம்மா?” என்று கேட்டேன்.

“நெஞ்சுக்குள்ள என்னமோ பிசையுத மாதிரி இருக்கு. முதுகுலயும் பிடிச்சிருக்கு. வாயுதான் எய்யா. ராத்திரி புரோட்டா தின்னதுல. ஓமத்தண்ணி குடிச்சா சரியாப் போவும். நீங்க நேரத்தோட போயிட்டு வாங்க, கூட்டம் வந்துரும்.”

போனோம். ஐந்தருவியில் குளித்தோம், வீடியோ எடுத்தோம். அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. நேரம் காலை 9.12.

பதினோரு மணிக்கு அவரே நடந்து பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். வாயுவுக்கு ஒரு ஊசி, இரண்டு மாத்திரை. ஈசிஜி எடுக்கவில்லை. திரும்பி வந்து எங்களுக்கு மத்தியானச் சோறு வடித்திருக்கிறார். சாயங்காலம் ஐந்தரைக்கு வாந்தி. படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால்தான் கொஞ்சம் பரவாயில்லை. அப்போதுதான் 108-க்குப் போன் போட்டோம். தென்காசியில் ஈசிஜி எடுத்த அடுத்த நிமிஷமே டாக்டர் முகம் மாறிவிட்டது. மாரடைப்பு. தொடங்கி பதினோரு மணி நேரம் ஆகிவிட்டது.

இங்கே நிறுத்தி இன்னொரு சம்பவம் சொல்லணும். அதற்கு நாலு வருஷம் முன்பு இதே வீட்டில் பெரியப்பாவுக்கு நெஞ்சு எரிந்தது. அவர் வாயைத் திறந்து சொன்ன பத்தாவது நிமிஷம் வாசலில் கார். நேராகத் திருநெல்வேலி. ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை, ராத்திரி முழுக்க கண்காணிப்பு. கடைசியில் அது என்னவென்றால், வாயு. நிஜமாகவே வாயு.

வாயுவால் வலித்தவரை இதய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இதயம் வலித்தவருக்கு ஓமத்தண்ணி கொடுத்தோம். இரண்டையும் செய்தது ஒரே குடும்பம். எங்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதனால்தான் இந்த விஷயம் என்னை இவ்வளவு உறுத்துகிறது.

முதலில் அடிப்படை

இதயம் உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிறது. ஆனால் அதன் சொந்தத் தசைக்கு ரத்தம் வருவது, அதன் மேற்பரப்பில் ஓடும் சில மெல்லிய குழாய்கள் வழியாகத்தான். வருஷக்கணக்கில் அந்தக் குழாய்களின் உள்சுவரில் கொழுப்பு படிகிறது. ஒருநாள் அந்தப் படிவம் வெடித்தால், காயம் பட்ட இடத்தில் கட்டுவது போல அங்கே ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாக ஆரம்பிக்கும். இதுதான் மாரடைப்பு. ஒரே நொடியில் முடிகிற விஷயம் இல்லை, மணிக்கணக்கில் நடக்கிறது. அதாவது, நாம் தலையிட நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைத்தான் நாங்கள் அருவியில் செலவழித்தோம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். 2016 டிசம்பர் 4 மாலை, மருத்துவமனையில் இருந்த முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு ‘கார்டியாக் அரெஸ்ட்’ என்று அறிவித்தார்கள். மறுநாள் இரவு அவர் இறந்தார். தமிழ்நாட்டில் பலர் அந்த வார்த்தையை முதல்முறை கேட்டது அன்றைக்குத்தான். மாரடைப்பும் அதுவும் ஒன்று இல்லை. மாரடைப்பு என்பது குழாய் அடைப்பு. ஆள் பேசுவார், நடப்பார், பெரியம்மா மாதிரி சோறும் வடிப்பார். கார்டியாக் அரெஸ்ட் என்பது துடிப்பே நின்றுபோவது. ஆள் அப்போதே சரிந்துவிடுவார், உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்ய வேண்டும். முதலாவதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டாவதில் முடியலாம்.

பெண்களுக்கு நெஞ்சு வலிக்காதா?

“பெண்களுக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சு வலிக்காது” என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. அது தப்பு. அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் 55 வயதுக்குட்பட்ட மாரடைப்பு நோயாளிகளிடம் விர்கோ என்ற ஆய்வை நடத்தினார்கள். 2018-ல் வந்த அதன் முடிவில், நெஞ்சில் வலியோ அழுத்தமோ இருந்ததாகச் சொன்ன பெண்கள் 87 சதவீதம். ஆண்கள் 89.5 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. பெண்களுக்கு நெஞ்சு வலியோடு சேர்ந்து வேறு பல தொல்லைகளும் வந்தன: குமட்டல், மூச்சுத் திணறல், தாடை, கழுத்து, முதுகில் பிடிப்பு, அசதி. ஐந்து விஷயங்களை ஒன்றாகச் சொல்லும்போது கேட்பவர் காதில் நெஞ்சு மட்டும் விழாமல் போகிறது. மாரடைப்புக்கு முன்பே இதே மாதிரித் தொல்லைக்காக டாக்டரிடம் போனவர்களிடம் “அவர் என்ன சொன்னார்?” என்றும் கேட்டார்கள். “இது இதயம் சம்பந்தப்பட்டதில்லை என்றார்” என்று பதில் சொன்னவர்கள், பெண்களில் 53 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம்.

பெரியம்மா சொன்ன வாக்கியத்தை இப்போது திரும்பக் கேளுங்க. “நெஞ்சுக்குள்ள பிசையுது, முதுகுல பிடிச்சிருக்கு, வாயுதான்.” முதல் இரண்டும் அறிகுறி. மூன்றாவது, அவரே போட்ட தீர்ப்பு. நாங்கள் தீர்ப்பை மட்டும் கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

டேட்டாவிலேயே பிரச்சினை

நம்ம கேட்பவர்களில் பாதிப் பேர் கோடு எழுதுகிறவர்கள். உங்களுக்கு இது டக்குனு புரியும். ஒரு மாடலுக்கு ஒரே மாதிரி ஆட்களின் தரவை மட்டும் ஊட்டினால், அது மற்றவர்களைத் தப்பாகத்தான் கணிக்கும். இதய மருத்துவத்தில் ரொம்ப காலம் நடந்தது இதுதான். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்த்த புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வு ஒன்று 1989-ல் முடிவுகளை வெளியிட்டது. அதில் பங்கேற்றவர்கள் 22,071 மருத்துவர்கள். எல்லோரும் ஆண்கள். ஒரு பெண்கூட கிடையாது.

1991-ல் பெர்னடின் ஹீலி என்ற இதய மருத்துவர் இதை வெளிப்படையாக எழுதினார். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களுக்குத் தலைவரான முதல் பெண் அவர். அவர் சொன்னதன் சாரம்: ஒரு பெண், தன் நோய் ஆணின் நோய் அளவுக்குக் கடுமையானது என்று நிரூபித்துக் காட்டினால்தான் ஆணுக்குக் கிடைக்கிற அதே சிகிச்சை கிடைக்கிறது.

ரத்தப் பரிசோதனையிலும் இது உண்டு. இதயத் தசை சேதமானால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். இப்போது பயன்படுகிற நுட்பமான பரிசோதனை ஒன்றில், ஆண்களுக்கு லிட்டருக்கு 34 நானோகிராமுக்கு மேல் போனால் எச்சரிக்கை. பெண்களுக்கு அந்த எல்லை 16 மட்டுமே. இரண்டு பேருக்கும் ஒரே எல்லையை வைத்தால், 20 காட்டுகிற ஒரு பெண்ணை “நார்மல், வீட்டுக்குப் போங்க” என்று அனுப்பிவிடுவோம்.

ஆஞ்சியோவில் பெரிய குழாய்கள் சுத்தமாகத் தெரிந்தும் வலி தொடர்கிற பெண்களும் இருக்கிறார்கள். படத்தில் தெரியாத நுண்ணிய குழாய்களில் கோளாறு இருக்கலாம். பிள்ளை பெற்ற சில வாரங்களில், கொழுப்பே இல்லாமல் குழாயின் சுவர் தானாகக் கிழிந்து மாரடைப்பு வருவதும் உண்டு. அது பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வருகிறது. “ரிப்போர்ட் க்ளீன், எல்லாம் மனசுதான்” என்று சொல்வதற்கு முன்னால் இவற்றையும் பார்க்க வேண்டும்.

நம்ம ஊர்க் கணக்கு

இந்தியாவில் 20,468 நோயாளிகளைக் கவனித்த கிரியேட் என்ற பதிவேட்டின் முடிவுகள் 2008-ல் லான்செட் இதழில் வந்தன. அதில் பெண்கள் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. குழாய் முழுதாக அடைபட்ட வகை மாரடைப்பில், வலி தொடங்கி ஆஸ்பத்திரி வாசலுக்கு வர ஆன இடைநிலை நேரம் 300 நிமிஷம். ஐந்து மணி நேரம்!

தமிழ்நாட்டில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. கோவை இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் அவருடைய குழுவினரும் சின்ன ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸையும் கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்தார்கள். 2017-ல் ஜாமா கார்டியாலஜி இதழில் வந்த கணக்குப்படி, ஒரு வருஷத்துக்குள் இறப்பவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தார்கள். பிரமாதமான வேலை. ஆனால் அந்த 2,420 நோயாளிகளில் பெண்கள் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

மற்ற பெண்கள் எங்கே? ஒரு பகுதி பதில் வயதில் இருக்கிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-ல் சொன்னது: பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிட சுமார் 9 வருஷம் தள்ளி வருகிறது. ஆனால் தள்ளித்தான் வருகிறது, வராமல் இல்லை. 2019-ல் உலகில் இறந்த பெண்களில் 35 சதவீதம் பேர் இதய, ரத்தக்குழாய் நோயால்தான் இறந்தார்கள் என்கிறது 2021-ல் வந்த லான்செட் ஆணைய அறிக்கை. மீதி பதில் எங்கே இருக்கு என்று என்னைக் கேட்டால், கொஞ்சம் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது என்பேன்.

யாரும் கேட்காத கேள்வி

திருநெல்வேலியில் பெரியம்மாவைப் பார்த்த இதய மருத்துவர் ஒரு பெண். சுகர், பிரஷர் எல்லாம் கேட்டுவிட்டு, “அம்மா, மாசமா இருந்தப்போ பிரஷர் ஏறிச்சா?” என்றார். பெரியம்மா யோசிக்காமல் சொன்னார், “மொதப் பிள்ளைக்கு ஜன்னி வந்துச்சு டாக்டர். பிழைக்க மாட்டேன்னுட்டாவ.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருஷத்துக்கு முந்தைய பிரசவத்துக்கும் இன்றைய மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி சிறுநீரில் புரதம் போகிற நிலை வந்த பெண்களுக்கு, பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதன் தீவிர வடிவம்தான் அந்த ஜன்னி. கர்ப்ப கால சுகர், குறைப்பிரசவம், நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோவது, இவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. பிசிஓஎஸ் உள்ளவர்களும் சுகர், கொலஸ்ட்ரால், எடையில் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். சுகர் வந்துவிட்டால், மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு இருக்கிற இயற்கையான பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடுகிறது.

பிள்ளை பிறந்ததும் பிரஷர் இறங்கிவிட்டால், “சரியாப் போச்சு” என்று ஃபைலை மூடிவிடுகிறோம். உண்மையில் அது உடம்பு முன்கூட்டியே அனுப்பிய எச்சரிக்கை.

இது வயதானவர்கள் கதை மட்டும் என்று நினைக்காதீங்க. சென்னை மருத்துவக் கல்லூரி 2016 ஜூலை முதல் 2019 டிசம்பர் வரை, இதய நோயுள்ள பெண்களின் 1,029 கர்ப்பங்களைப் பதிவு செய்தது. அவற்றில் சுமார் 60 சதவீதத்தில், இதய நோய் இருப்பதே அந்தக் கர்ப்பத்தின்போதுதான் தெரியவந்தது. அதிகம் இருந்தது ருமாட்டிக் இதய நோய். சின்ன வயதில் வந்த தொண்டைப் புண்ணும் மூட்டுவலிக் காய்ச்சலும் வால்வைக் கெடுத்துவிட்டுப் போகிற நோய் அது. இருபதுகளில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. “உடம்பு சத்தில்லை” என்கிறோம். ஒரு எக்கோ எடுத்துப் பார்த்ததில்லை.

இன்னொன்று, வேலை. தென்காசி, ஆலங்குளம், கடையநல்லூர் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற பெண்கள் உண்டு. பெரியம்மாவும் இருபது வருஷம் சுற்றியவர். மடியில் சுளகு, அதில் இலையும் தூளும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்தால் எண்ணிக்கை குறையும். எழுந்தால் சமையல், விறகடுப்புப் புகை. வேலை நேரம் முழுக்க உட்கார்ந்தே இருப்பதும், அடுப்புப் புகையும், பக்கத்தில் இருக்கிறவர் விடுகிற பீடிப் புகையும் இதயத்துக்குக் கெடுதல். “வாக்கிங் போங்க” என்று டாக்டர் சொன்னபோது பெரியம்மா சிரித்தார். எப்போது போவது?

பிறகு என்ன ஆச்சு

தென்காசியிலிருந்து திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். பாவூர்சத்திரம், ஆலங்குளம் தாண்டிப் போகணும். அதனால் தென்காசியிலேயே ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியைப் போட்டார்கள். அந்த ஊசி 12 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு தசை பிழைக்கும். பிறகு திருநெல்வேலியில் ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட்.

பெரியம்மா பிழைத்துவிட்டார். ஆனால் அவருடைய இதயம் ஒரு துடிப்புக்கு வெளியே தள்ளுகிற ரத்தம் இப்போது 35 சதவீதம். சாதாரணமாக 55-க்கு மேல் இருக்கும். தண்ணிக்குடம் தூக்க முடியாது. இந்த மாடிக்கு ஏற நடுவில் ஒருதடவை உட்கார வேண்டும். காலை ஏழு மணிக்கே கூட்டிப் போயிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். டாக்டர் இதை எங்களிடம் நேராகச் சொல்லவில்லை. “கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

சரி, நாம என்ன செய்யலாம்?

ஒன்று. வீட்டில் ஒரு பெண் நெஞ்சிலோ, மேல்வயிற்றிலோ, முதுகிலோ, தாடையிலோ அழுத்தம் என்று சொல்லி, கூடவே வேர்வை, குமட்டல், மூச்சுத் திணறல், இதுவரை இல்லாத அசதி என ஏதாவது இருந்தால், அது வாயுவா இல்லையா என்று நீங்கள் முடிவு செய்யாதீங்க. 108-க்குப் போன் போடுங்க. ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டிய வாக்கியம் ஒன்றுதான்: “ஒரு ஈசிஜி எடுத்திருங்க.” போன பத்து நிமிஷத்துக்குள் எடுக்க வேண்டியது அது. வாயு மருந்து குடித்து வலி குறைந்தாலும் எடுக்கணும். முதல் ஈசிஜி நார்மலாக இருந்து வலி தொடர்ந்தால், திரும்ப எடுக்கச் சொல்லுங்க, ட்ரோபோனினும் பார்க்கச் சொல்லுங்க.

இரண்டு. கிராமமாக இருந்தால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றையும் முதல் டோஸாக அங்கேயே கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், அது எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வைங்க.

மூன்று. அம்மாவுக்குப் போன் போடும்போது “சாப்பிட்டியா” என்பதோடு நிறுத்தாமல் இதையும் கேளுங்க: கடைசியாக பிரஷர் எப்போது பார்த்தீங்க? சுகர்? நான் வயிற்றில் இருந்தபோது பிரஷரோ சுகரோ இருந்ததா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். “எனக்கு ஒண்ணும் இல்ல, அவரைப் பாரு” என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்க. எங்கள் பெரியம்மா இரண்டு தடவை அப்படித்தான் அனுப்பியிருக்கிறார்.

குற்றாலம் மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவு ஒன்று உண்டு. தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீஸ் விசில் அடித்து எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். “இவ்ளோ தூரம் வந்திருக்கோம், இன்னும் அஞ்சு நிமிஷம்” என்று யார் சொன்னாலும் நடக்காது. வெள்ளம் வருமா வராதா என்று அங்கே யாரும் விவாதம் செய்வதில்லை. முடிவை முன்னாடியே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் இப்போது ஒரு விதி இருக்கிறது. யார் நெஞ்சைத் தொட்டாலும், ஆணோ பெண்ணோ, முதலில் ஈசிஜி. ஓமத்தண்ணி அப்புறம்.

பெரியம்மா கீழேயிருந்து கூப்பிடுகிறார். பேசினது போதும், சாப்பிட வா என்கிறார். போறேன். நீங்களும் வீட்டுக்கு ஒரு போன் போட்டுடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.